மூன்றாம் நம்பர்

தண்டர் பே. பிப்ரவரி. காகித மில்லுக்கு ஆறு மணி நேரம் ஷட்டவுன்,
நாலு போய்விட்டது.
பதினொரு டிரைவ்கள் நெட்வொர்க்கில் பதில் சொல்லிவிட்டன.
மூன்றாம் நம்பர் மட்டும் வாய் திறக்கவில்லை.

முகவரி சரி. வேகம் 9600, அதுவும் சரி.
கேபிள் முடிவில் ரெசிஸ்டர்கூட இருக்கிறது.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
எண்ணெய் ஊறிய மேனுவலைப் புரட்டினான் ரெய்யோ.
இந்தக் கம்பெனிக்காரன் ‘ஏ’ என்பதை
அந்தக் கம்பெனிக்காரன் ‘பி’ என்கிறான்.
இரண்டே வயர். மாற்றிச் செருகினேன்.
திருகை முடுக்குவதற்குள் பச்சை விளக்கு சிமிட்டியது.

கேட்டால்தான் பேசும் ரகம்.
இருபத்தாறு வருஷமாக யாரும் கேட்கவில்லை.
கரண்ட்? பூஜ்யம்.
கடைசிக் கோளாறு? ஓவர்வோல்டேஜ்; என்றைக்கென்று தெரியாதாம்.
ஓடிய மணி?
65,535.

பேனாவால் உள்ளங்கையில் வகுத்துப் பார்த்தான் ரெய்யோ:
“ஏழரை வருஷம். புளுகுகிறது.”
ஏழரை என்றதும் எனக்குச் சிரிப்பு.
ஃபின்லாந்துக்காரன் பேரனுக்குச் சனியை எங்கிருந்து விளக்குவது?

புளுகு இல்லை, ரெய்யோ.
பதினாறு பிட்டில் எண்ணிக்கை அங்கே முடிகிறது.
மீதிப் பதினெட்டரையும்
எண்ணாமலே ஓடியிருக்கிறது.

படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு
என்ன எழுதுவதென்று கேட்கிறான்.
மணி நாலே முக்கால்.
நாலாம் நம்பரின் மூடியைத் திருப்பி மாட்டுகிறேன்.