வலக்கால்

முதலில் காரைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.
உருளக்கூடியது எதுவும் உள்ளே இருக்கக் கூடாதாம்.
லெஸ்டரில், தெருவிளக்கின் அடியில்,
இருக்கைக்குக் கீழே கைவிட்டுத் துழாவினேன்:
மூடியில்லாத பேனா, பாதி தின்ற புதினா மிட்டாய்ச் சுருள்,
பத்துப் பென்ஸ் மூன்று,
யாருடையதோ ஒற்றைக் காதணி.
மாடி ஜன்னலிலிருந்து தேவமலர் எட்டிப் பார்த்து
"என்னுடையதுதான்" என்றாள்.
நல்லதாயிற்று.

இருபத்திரண்டு வருடம் பக்கத்து இருக்கையில்
ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.
அங்கே எனக்கென்று ஒரு பிரேக் உண்டு, வலக்காலுக்கு.
வட்டச்சந்திப்பு கண்ணுக்குத் தெரியுமுன்
காலுக்குத் தெரிந்துவிடும்.
மெதுவா, மெதுவா, கொஞ்சம் மெதுவா.
தேய்ந்த டயர் போல வழவழத்துவிட்டது அந்தச் சொல்.
ஐந்தாம் முறையும் தேர்வில் தோற்ற ஒலுமிடே
கோபமில்லாமல்தான் கேட்டான்:
"நீங்க எப்பவாவது வேகமா போயிருக்கீங்களா?"
அந்த வாரமே பணம் கட்டினேன்.

பிரேக் எண்ணெய் கடுந்தேநீர் நிறத்தில் வந்தது.
பழைய மாஸ்டாவின் அடியில் நான்,
பெடலில் அவள்.
அழுத்து. பிடி. விடு.
அரைமணி நேரம் இந்த மூன்றே சொற்கள்,
ஒரு சண்டைகூட வரவில்லை.
குமிழி ஒன்று தங்கினால் போதும்,
கால் தரைவரை போகும், கார் தன் வழியே போகும்
என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

சக்கர மரைகளை முறுக்கினேன்.
டக் என்றது திருகி.
மறுபடியும் ஒரு டக், எனக்காக.
இரவல் ஹெல்மெட்டில் கன்னங்கள் பிதுங்கி
கண்ணாடியில் ஒரு கோபக்காரக் குழந்தை.
தூங்கு, தண்ணீர் குடி என்று எழுதியிருந்தது.
தண்ணீர் குடித்தேன்.

லவுத்துக்குப் போகும் சாலையில் பனிமூட்டம்,
அதற்குள் ஆடுகளின் தும்மல்.
கேட்வெல் வாசலில் ஒருவர்
குழாயருகே கருவியை நீட்டி என் காரின் சத்தத்தை அளந்தார்.
"இன்னும் கொஞ்சம் கத்தலாம், பரவாயில்லை."
இது பந்தயமல்ல என்று
இரண்டு முறை சொன்னார்கள் கூட்டத்தில்.
வாயில் ரொட்டியோடு எல்லோரும் தலையாட்டினோம்.

ஹெட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்,
என் வழக்கமான இடத்தில்.
தொழில் என்னவென்று கேட்டாள்.
கல்வித்துறை என்றேன்.

முதல் சுற்று கிழவனைப் போல.
இரண்டாவதில் அவள் குரல் காதுக்குள்:
"இப்ப வேண்டாம். பிரேக்கைத் தொடாதீங்க.
இன்னும் இல்லை.
இன்னும் இல்லை."
நெஞ்சுக்குள் ஒரு வட்டச்சந்திப்பு சுழல,
மரங்கள் பின்னால் கொட்டிக்கொண்டிருக்க,
ஒரு கணம், பார்க்கக் கூடாத இடத்தில் பார்த்தேன்:
அவள் முகம் அமைதி. குரல் அமைதி.
கீழே, பெடலே இல்லாத தரைவிரிப்பில்
அவளுடைய வலக்கால்
முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

"இப்ப!"

இருவரும் சேர்ந்துதான் பிடித்தோம்.
கார் தலைகுனிந்து, மூச்சுவிட்டு, திரும்பியது.
மேட்டின் உச்சியில் வயிறு மட்டும்
சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது.
சிரித்தேன் போலிருக்கிறது.
"என்ன?" என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

சூடாற்ற ஒரு சுற்று, பிரேக்கைத் தொடாமல்.
நிறுத்தியதும் கை பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்குக்குப் போக,
"விடுங்க, கொதிக்கிறது. இப்ப இறுக்கினா ஒட்டிக்கும்.
கியர்ல போட்டுட்டு இறங்குங்க."
இறங்கி நின்றோம்.
எரிந்த வாடை, ஈரப் புல்,
டிக் டிக்கென்று ஆறும் இரும்பு.
யாரும் பிடித்துக்கொண்டிராத என் கார்
சரிவில் ஓர் அங்குலம் உருண்டது.
என் கால் துடித்தது.
தானாகவே நின்றது.