நாற்காலிக் கணக்கு

கொடி கட்டுவது கதிஜாவின் பொறுப்பு.
ஈசூனில் எங்கள் புளோக்கின் பன்னிரண்டாம் மாடியிலிருந்து
ஒவ்வொரு தளமாக இறங்கி வருவாள்.
யார் வீட்டிலாவது பிறை கீழே போய்த் தொங்கினால்
கதவைத் தட்டிவிடுவாள்,
இரவு பத்து மணி என்றும் பார்க்கமாட்டாள்.

ஒலிபெருக்கி, கம்பி எல்லாம் கோ செங் வாட்.
ஒரு வருடம் தேசிய கீதத்தின் நடுவில் மைக் செத்தது.
கூடியிருந்தவர்கள் நிறுத்தவில்லை,
வெறும் தொண்டையாலேயே பாடி முடித்தார்கள்.
நன்றாகத்தான் இருந்தது.
ஆனாலும் அன்றிலிருந்து அவன் பையில்
மூன்று மைக், பதினாறு பேட்டரி.

நான் நாற்காலி.
பகலில் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவன்,
மேடையேறினால் கால் நடுங்கும்.
முப்பத்தொரு வருடமாக
சமூக மன்றத்துக் கிடங்கிலிருந்து முந்நூறு எடுப்பேன்,
முந்நூறு திருப்பிக் கொடுப்பேன்.
தொலைந்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி.
நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆகஸ்டுக்கும்
ஒரு பக்கம், ஓர் எண், பக்கத்தில் "சரி".

இந்த வருடம் ஐந்து மணிக்கு மழை.
அதற்கு யாரும் அழைப்பிதழ் கொடுப்பதில்லை.
கூடாரத்தின் வயிறு நீர் கோத்துத் தொங்க,
விடுப்பில் வந்திருந்த தர்ஷன், ராணுவக் கால்சட்டையோடு,
துணி காயவைக்கும் மூங்கிலால் குத்திக் குத்தி வடித்தான்.
அங்கயற்கண்ணி தக்காளிச் சோற்று அண்டாவை
வெற்றுத்தளத்தின் தூணோரம் இழுத்துப் போட்டு
ஹலால் கரண்டிக்குப் பச்சை நாடா கட்டினாள்.
நாற்காலிகளை நான் துடைத்தேன்.
முந்நூறையும்.
துண்டு நான்கு.

பேச்சு நடந்துகொண்டிருந்தபோது
தலைக்கு மேலே விமானங்கள் கிழித்துக்கொண்டு போயின.
பேச்சாளர் வாய் மட்டும் அசைந்தது.
எல்லாரும் அண்ணாந்து கைதட்டினோம்.
தனக்கென்று நினைத்து அவரும் சிரித்தார்.

பதினொன்றரைக்கு எண்ணினேன்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மறுபடி எண்ணினேன்.
செங் வாட் எண்ணினான், சீனத்தில்.
கதிஜா எண்ணினாள், மலாயில்.
எந்த மொழியிலும் ஒன்று குறைந்தது.

மின்தூக்கி முகப்பில் தேடினேன்,
மிதிவண்டி நிறுத்துமிடத்தில் தேடினேன்.
குப்பைத் தொட்டி அறையின் பின்னால்,
விளக்கு எட்டாத இடத்தில்
அந்தச் சிவப்பு நாற்காலி.
அதில் ஓர் ஆள்,
நகர மன்றத்துப் பச்சை மேலங்கியோடு.
மடியில் காகிதப் பொட்டலம்,
சுவரில் சாய்ந்து நிற்கும் துடைப்பம்.

என்னைக் கண்டதும் பாதிச் சோற்றோடு எழுந்தார்.
"முடிஞ்சிருச்சாண்ணே? தொடங்கலாமா?"

நாங்கள் முடிப்பதற்காக
ஒன்பது மணியிலிருந்து காத்திருந்திருக்கிறார்.
முப்பத்தொரு வருடம்
காலையில் தரை சுத்தமாக இருந்தது.
மழை கழுவியது என்றா நினைத்தேன்?
எதையுமே நினைத்ததில்லை.

"உட்காருங்க" என்றேன்.
வேறொன்றும் சொல்ல வரவில்லை.
ஓடிப்போய் அங்கயற்கண்ணியிடம்
ஒரு தட்டு வாங்கி வந்தேன்.
அண்டாவின் அடி, கொஞ்சம் தீய்ந்த சோறு.
அது தனக்குப் பிடிக்கும் என்றார்.
மரியாதைக்குச் சொன்னாரா, தெரியாது.
பெயர் அருளாந்து, ஊர் மணப்பாறைப் பக்கம்.
இந்த புளோக்குக்கு வந்து ஆறு வருடம்.
ஆறு பக்கங்களில் "சரி" என்று எழுதியிருக்கிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிடங்கைத் திறக்கப் போனேன்.
வாசலில் அந்த நாற்காலி, கழுவி வைத்தபடி.
அதன்மேல், தரையில் பொறுக்கியவை:
நீவி நிமிர்த்திய காகிதக் கொடிகள் பதினேழு,
ஒரு குழந்தையின் இடதுகால் செருப்பு,
செங் வாட்டின் பேட்டரி இரண்டு.

நோட்டைத் திறந்தேன்.
முந்நூறு என்று எழுதினேன்.
"சரி" எழுதப் போன பேனா நின்றது.
அடுத்த வருடத்துப் பக்கத்தைப் புரட்டி
முந்நூற்றொன்று என்று எழுதினேன்.

கிடங்குக்காரர் கேட்பார், எதற்கு ஒன்று கூட என்று.
பதில் சொல்ல ஒரு வருடம் இருக்கிறது.
கொடிகளைக் கதிஜாவிடம் கொடுத்தேன்.
அவள் பிறை பார்த்து அடுக்கத் தொடங்கினாள்.