நான்கு மணி நேரம்

சனிக்கிழமையும் வருகிறாயா என்று
மேற்பார்வையாளர் கேட்டதும்
ஜனீன் கையுறையைக் கழற்றாமலே
மீன்பெட்டிச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டாள்.

ஒரு பவுண்டு கூடினால்
உதவித்தொகையில் ஐம்பத்தைந்து பென்ஸ் போகும்.
பேருந்துக்கு ஐந்து.
பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் டோனாவுக்குப் பதின்மூன்று.
மிச்சம்,
நான்கு மணி நேரக் குளிருக்கு
ஒரு ரொட்டி, கொஞ்சம் பால்.

வரவில்லை என்றாள்.
உழைக்க மனமில்லாதவள் என்று
அவர் எங்கோ குறித்துக்கொண்டார்.

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் அன்றும் மூடுபனி.
அவள் வாடகைக்கு இருக்கும் வீடு மட்டும்
இரவும் பகலும் சம்பாதித்தது
லண்டனில் யாருக்கோ.
அதை யாரும் வேலைக்குப் போ என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை
சின்னவன் போர்வையை இழுத்தான்:
"இன்னைக்கு லீவா அம்மா?"

"கணக்குப்படி" என்றாள்.