ஆரோக்கியம் வராத நான்கு நாட்கள்

பள்ளத்தூரில் ஒரு கூட்டுறவு வங்கியில்
இருபத்தொரு வருடம்
அடகு நகைக்கு மாற்றுப் பார்த்தவன் நான்.
இப்போது மிளகாய் விதையை
அதே விரல்களால் பிரிக்கிறேன்.
பத்து கிராம் பொட்டலம்,
ஏறக்குறைய வெள்ளி விலை.

குழிக்கு ஒன்று, தட்டுக்குத் தொண்ணூற்றெட்டு.
மேலே தென்னைநார்த் தூள்.
தட்டின்மேல் தட்டடுக்கிக் கறுப்புத் தாள் போர்த்தினால்
ஆறாம் நாள் உள்ளே ஏதோ அசையும்.
முளை தலையைக் காட்டி வருவதில்லை.
வளைந்த முதுகுதான் முதலில்,
பெட்டகத்துக்குள் குனிந்து
எதையோ தேடுகிறவன் மாதிரி.

இதெல்லாம் எனக்குக் காகிதத்தில் தெரியும்.
கையில் தெரிந்தவள் ஆரோக்கியம்.
கல்லல்காரி. காதில் எப்போதும் கைப்பேசிப் பாட்டு.
தங்கை பிரசவமென்று தேவகோட்டைக்குக் கிளம்பியவள்
"தண்ணிய மட்டும் பாத்துக்குங்க" என்றாள்.

பார்த்துக்கொண்டேன்.

ஆடிக் காற்று செம்மண்ணை அள்ளி
நிழல்வலையில் அடித்தது.
உள்ளே முப்பத்தெட்டு டிகிரி.
வாடிவிடுமோ என்று
காலையில் ஒரு தரம், பதினொன்றுக்கு ஒரு தரம்,
மூன்று மணிக்கு,
பிறகு மனசு கேட்காமல் பூட்டும்போது ஒரு தரம்.
காற்று படவேண்டாமென்று பக்கத் திரையும் இறக்கினேன்.
'பார்த்துக்குங்க' என்பதற்கு எத்தனையோ பொருள்.
இருப்பதிலேயே ஈரமான பொருளை
நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விடியலில்
ஒரு தட்டின் மூலை மட்டும் படுத்திருந்தது.
இலை பச்சை. வேர் வெள்ளை.
மண்ணைத் தொடும் இடத்தில்
யாரோ நகத்தால் கிள்ளிய மாதிரி
நூலாய் இற்றிருந்தது கழுத்து.
மறுநாளைக்குள் பதினேழு தட்டு.
போலிச் சங்கிலிக்கு எண்பதாயிரம்
எழுதிக்கொடுத்த அன்றுகூட
நான் இப்படித் தரையில் உட்காரவில்லை.

ஆரோக்கியம் வந்தாள்.
"ஆம்பளப் புள்ள" என்றாள்.
பிறகுதான் பார்த்தாள்.

திட்டியிருக்கலாம்.
குழாயை மூடினாள். திரைகளைச் சுருட்டினாள்.
பதினேழையும் தூக்கிப்போய்
முந்திரித் தோப்போரக் குழியில் கொட்டிவிட்டு
கைகழுவி வந்து
மிச்சத்துக்கு டிரைக்கோடெர்மா கரைத்தாள்.

மறுநாள் காலை
என் பழைய துண்டு ஒன்றைக் கம்பில் கட்டி
நாற்று நுனிகளின் மேல்
போகவும் வரவும் இழுத்தாள்.
எல்லாம் சாய்ந்தன, எழுந்தன.
சாய்ந்தன, எழுந்தன.
"என்ன, தூசி தட்டுறியா?"
"காத்துல நிக்கப்போவுதுல்ல, பழகட்டும்."
தினமும் இருபது இழுப்பு.
எண்ணுவது என் பழக்கம்.

முப்பத்தெட்டாம் நாள்
புதுவயலிலிருந்து மினி வேனில் சிக்கந்தர் வந்தார்.
ஒரு நாற்றை உருவி
வேர்க்கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கல்லில் உரசாத குறைதான்.
"ஆரோக்கியமா?" என்றார்.
"இந்தா இருக்கேன்" என்றது
தண்ணீர்த்தொட்டிப் பக்கமிருந்து ஒரு குரல்.
அவருக்குப் புரியவில்லை.

நாலாயிரம் கேட்டிருந்தார்.
இருந்தது இரண்டாயிரத்து முந்நூறு.
முன்பணத்தில் மீதியைத் திருப்பினேன்.
"ஏன், தண்ணி பத்தலையா?"
என்ன சொல்ல.
ஆரோக்கியம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

தார்ப்பாய் போடாமலே வேன் கிளம்பியது.
புதுவயல் சாலையின் பேய்க்காற்றில்
சாய்ந்தன, எழுந்தன.

என் கை தானாகக் குழாய்ப் பக்கம் போனது.
பாதியில் நின்று
சட்டைப்பைக்குள் போய்விட்டது.