அரைப்பேர்

வலது சின்னவிரலுக்குக் கீழே
அரைப்புள்ளி வரைந்த விசை.
இங்கிலீஷில் அது வாக்கியம் மூச்சு வாங்கும் இடம்.
நான் அடிக்கும் எழுத்தில்
மெய்யின் தலைக்குப் புள்ளி.
செவ்வாய்க்கிழமையிலிருந்து
நினைத்தால் விழுகிறது,
இல்லாவிட்டால் இல்லை.

மஸ்கெலியா என்று அடித்தால்
மஸகெலியா.
வாய் நிறையச் சோற்றோடு
யாரோ ஊர்ப்பேர் சொன்னதுபோல.

கழற்றி மாட்டினேன்.
பக்கத்துத் துளையில் மாட்டினேன்.
அணைத்து, நூறு வரை எண்ணி, போட்டேன்.
கவிழ்த்துத் தட்டினேன்:
பிஸ்கட் தூள்,
ஸ்டேப்ளர் கம்பி இரண்டு,
போன வருஷத்து எறும்பு,
யாருடையதோ நரைமுடி.
புள்ளி மட்டும் வரவில்லை.

போன் திருத்துகிற துஷார எட்டிப் பார்த்து
"மூட்டம் அக்கே, ஈரம்" என்றான்.
தங்கச்சியின் ஹேர் டிரையரையும் தந்தான்.
நம்பினேன்.
மவுசாக்கலைத் தண்ணீரிலிருந்து எழும்பி
காலையில் கடைக்குள் வரும் மூட்டம்
பதினொன்றுக்குப் போகும்,
மூன்று மணிக்குத் திரும்பும்.
புள்ளியும் ஏறக்குறைய
அதே டைம்டேபிளில்தான் ஓடியது.
வியாழக்கிழமை அப்படி ஒரு வெயில்.
கூரைத்தகரம் படபடவென்று வெடித்தது.
அன்றைக்கு ஒன்றுகூட விழவில்லை.
டிரையரைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் அவர் வந்தார்,
சாமிமலை பஸ்ஸில் இறங்கி,
பொலித்தீன் உறைக்குள் இரண்டு தாளோடு.
அடையாள அட்டையில் முத்துக்கறுப்பன்.
பிறந்த சர்டிபிகட்டில் முத்துகறுபன்.
சேமலாப நிதி ஒருவருக்குத்தானாம்,
இவர் மற்றவராம்.

"கவ்வாத்துல செடி கொறஞ்சா
அரைப்பேரு போடுவாங்க, அது பழகினது.
இவனுங்க பேரையே அரையாக்கிட்டானுங்க."

இருவரும் ஒருவரே என்று
கடிதம் அடிக்க வேண்டும்.
விலாசம் ஏற்கெனவே அடித்து வைத்த மாதிரியில் இருந்தது,
மிச்சம் பெயர்தான்.
அடித்தேன்.
முததுககறுபபன.
திரையில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து நின்றார்.

முந்தாநாள் அடித்த மரண அறிவித்தலைத் திறந்து
ஒரு புள்ளியைப் பிரதி எடுத்தேன்,
நாலு இடத்தில் ஒட்டலாம் என்று.
குனிந்து பார்த்தார்.
"யாருதும்மா அது?"
சொன்னேன்.
"வேணாம். செத்தவங்களோடது எனக்கு வேணாம்."
அழித்தேன்.

பிறகு திரையில் எதையோ காட்ட எட்டியவர்
விசைப்பலகையின் மூலையில்
உள்ளங்கையை ஊன்றினார்.
கவாத்துக்கத்தி பிடித்த கை, நல்ல கனம்.
சின்னவிரல் சும்மா தட்டியது,
புள்ளி விழுந்தது.
கையை எடுக்கச் சொன்னேன். விழவில்லை.
வைக்கச் சொன்னேன். விழுந்தது.
எடுங்க. வைங்க. எடுங்க.
"என்னம்மா, பெரட்டுல நிக்கிற மாதிரி இருக்கு."

திருப்பிப் போட்டுத் திறந்தேன்.
பத்து ஓட்டை, ஒன்பது ஸ்க்ரூ.
ஆளில்லாத பத்தாவது ஓட்டை
நேரே அந்த விசைக்கு அடியில்.
ஈரமில்லை, எறும்பில்லை,
அங்கே இரண்டு தகடுகளை
ஒன்றோடொன்று அமுக்க ஆளில்லை.
அவ்வளவுதான்.

அவரிடம் வந்த பஸ் டிக்கட் இருந்தது.
எட்டாக மடித்து அடியில் வைத்து மூடினேன்.
போகும்போது வேறு டிக்கட் எடுப்பார்.

த் துக் கறுப் பன்.
ஒவ்வொன்றும் தலையில் இடி வாங்கியதுபோல்
நச்சென்று நின்றது.
பிரிண்டர் துப்பிய தாளில்
நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
"நாலு."
நூறு ரூபாயை நீட்டினார்.
எண்பது மீதி கொடுத்தேன்.
கந்தோரில் என்ன சொல்வார்களோ, தெரியாது.
இன்னொரு தாள் கேட்பார்கள்.
எப்போதும் கேட்பார்கள்.

பஸ் திரும்பிப் போனது.
அடுத்தவர் வந்து உட்கார்ந்தார்,
நீர்வசதி கேட்டு ஒரு மனு.
தோட்டம் என்று அடித்தேன்.
தோடட்டடம்.

புள்ளிக்குப் பக்கத்து விசை.
டிக்கட்டை ஒரு மடிப்பு கூடுதலாய்
மடித்துவிட்டேன் போல.
ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டே
மனதுக்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்:
நல்லவேளை,
முத்துக்கறுப்பனில் ட இல்லை.