அரைப்புள்ளி

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
படகுக் காப்பீட்டு அலுவலகத்தின் மாடியில்
கோபோலை ஜாவாவாக்குகிறோம், நானும் பெர்க்தோராவும்.

நான்கு லட்சம் வரிகளை
மதியச் சாப்பாட்டுக்குள் மென்று துப்பிவிட்டது கருவி.
மாதிரித் தரவு ஒருமுறையும் தொடாத வரிகளைத்
தானே கழித்தும் விட்டது.
கெட்டிக்காரக் கருவி.

பழையதையும் புதியதையும் சேர்த்து ஓடவிட்டோம்.
புதியது
ஒரேயொரு கடிதம் கூடுதலாக அச்சடித்தது:
படகு 218, சந்தா பாக்கி,
நாற்பத்தொரு வருட வட்டியோடு.

பழைய நிரலைத் தோண்டினேன்.
ஏழாம் பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி,
அதையொட்டி எப்போதோ ஹானுஸ் எழுதிவைத்தது:
‘218 திரும்பவில்லை.
ரூனாவுக்குக் கடிதம் போகக் கூடாது.’
அதன்கீழ் ஒரு கட்டளை:
எண் 218 என்றால் தாண்டிப் போ.

பதிவேட்டில் படகின் பெயரை அடிக்க
அவள் கையெழுத்தே போடவில்லையாம்.
சொல்லிவிட்டு பெர்க்தோரா
கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.
ரூனா இருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.
சன்னலுக்கு வெளியே
யாரோ ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டளையைக் கையாலேயே எழுதிச் சேர்த்தேன்.
ஹானுஸ் அதை முற்றுப்புள்ளியில் முடித்திருந்தார்,
கோபோலில் அப்படித்தான்.
ஜாவா கேட்பது அரைப்புள்ளி.

வைத்தேன்.