தொடாத விசை

பணவண்டியின் பின்கதவை
ஒச்சப்பன் சாத்திய வேகத்தில்
தோளிலிருந்து நழுவி
வங்கிப் படியின் கிரானைட் விளிம்பில் மோதியது துப்பாக்கி.
கட்டையில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்தது,
அவ்வளவுதான்.
"மன்னிச்சுக்கங்கண்ணே, டீ சொல்லவா" என்றான்.
குடித்தேன்.
உசிலம்பட்டி வெயிலில் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

சாயங்காலம் ஷட்டர் இறங்கியதும்
பழைய லெட்ஜர்கள் அடுக்கிய அறையில்
தோட்டாக்களை எடுத்து மேசைமேல் நிறுத்தினேன். ஐந்து.
குழாயின் அறைக்குள் சுண்டுவிரல் விட்டுப் பார்த்தேன். காலி.
டார்ச் அடித்து மறுபடி பார்த்தேன். காலி.
பட்டாளத்தில் பதினேழு வருஷம்
என்னை உயிரோடு வைத்தது வீரமல்ல,
இந்த மறுபடிதான்.

வாயைத் தீயணைப்பு மணல் வாளிக்குத் திருப்பி
போல்ட்டைத் தள்ளி மடக்கினேன்.
விரல் வளையத்துக்கு வெளியே நீண்டு கிடந்தது.
கட்டையின் பின்புறத்தை உள்ளங்கையால் தட்டினேன்,
ஏப்பம் வர பிள்ளையின் முதுகைத் தட்டுவோமே
அந்த அளவு.

டிக்.

விரல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுபடி. டிக்.
மூன்றாவது தட்டுக்குச் சத்தமில்லை.
நான்காவதுக்கும் இல்லை.
பயம் வந்தது அந்த மூன்றாலும் நாலாலும்தான்.
எப்போதும் கெட்டிருக்கிற பொருளைத்
தூக்கிப் போட்டுவிடலாம்.
சிலசமயம் நன்றாயிருப்பதை
என்ன செய்ய?

ஒச்சப்பனை வாய்க்குள் திட்டிக்கொண்டே
இரண்டு திருகுகளையும் கழற்றி
மரத்திலிருந்து இரும்பைத் தூக்கினேன்.
கொக்கியின் முனை தேய்ந்திருக்கும் என நினைத்தேன்.
தேயவில்லை.
எண்ணெய் பிசினாகியிருக்கும் என நினைத்தேன்.
போன மாதம் நானே துடைத்தது.
டார்ச்சைப் பல்லில் கவ்வி
விசை நுழையும் பிளவுக்குள் குனிந்தால்
குறுக்கே கிடக்கிறது
ஒரு ஸ்டேப்ளர் பின்.
நோட்டுக்கட்டிலிருந்தோ பென்ஷன் படிவத்திலிருந்தோ
எப்படியோ விழுந்திருக்கிறது.
அது முட்டுக்கொடுத்ததில்
விசை முழுசாய்த் திரும்பவில்லை,
கொக்கி மயிரிழையில் தொங்கியிருக்கிறது.

சாமணத்தால் எடுத்து வெள்ளைத்தாளில் வைத்தேன்.
தாளில் செம்பழுப்பாய்ப் பொடி உதிர்ந்தது.

துரு.

மோதியது இன்றைக்கு.
துருவுக்கு மூன்று நாலு மாசமாவது ஆகியிருக்க வேண்டும்.

அறையில் தோட்டா ஏற்றக்கூடாது என்பது விதி.
பேரையூர் ரோட்டில், வெளிச்சமில்லாத அந்த எட்டு கிலோமீட்டரில்
ஏற்றிக்கொள்வேன். அது என் பயம்.
வண்டி குலுங்கும். வேகத்தடைகள் ஆறு.
எனக்கு முன்னால் பலகைக்கு அந்தப்பக்கம்
ஒச்சப்பனின் முதுகு,
வியர்வையில் சட்டை ஒட்டி,
விசிலடித்துக்கொண்டு.
துப்பாக்கி வாய் மேலேதான் பார்த்திருக்கும்,
பெரும்பாலும்.

பின்னை எடுத்துவிட்டுப் பூட்டி
இருபது தடவை தட்டினேன். ஊமை.
போல்ட்டை வேகமாய் அடித்து மூடினேன். ஊமை.
"சரியாயிடுச்சுல்ல, எதுக்கு எழுதுறீங்க" என்றார்
மேனேஜர் ஹெப்சிபா.
எழுதினேன்.
மோதியதை, டிக்கை, பின்னை.
பேரையூர் ரோட்டை எழுதப் பேனா வைத்து
எடுத்து
மறுபடி வைத்து எழுதினேன்.
அதற்கு மெமோ வரும், வரட்டும்.

துப்பாக்கி மதுரைக்குப் போய்விட்டது,
கீழவெளி வீதியில் ஜமால் முகைதீன் மேசைக்கு.
என் கண்ணுக்குச் சரியென்பது
இனி எனக்கே போதவில்லை.

திங்கட்கிழமை வெறுங்கையோடு வாசலில் நின்றேன்.
வலது ஆட்காட்டிவிரல் மட்டும்
இல்லாத வளையத்தை ஒட்டி நீண்டே இருந்தது.
வரிசையில் யாரும் கவனிக்கவில்லை.
ஒச்சப்பன் வண்டியை நிறுத்தி இறங்கி
கதவை மெதுவாக, இரண்டு கையாலும் சாத்தினான்.
"எங்கண்ணே துப்பாக்கி? என்னாலதான?"

"இல்லப்பா" என்றேன்.
சொல்ல வேண்டியது தொண்டைக்குள் குறுக்கே கிடந்தது.
"டீ சொல்லவா?"

"சீனி கம்மியா" என்றான்.